முதலில் எழுத வேண்டியது திரும்பும் நேரம்

ஆகஸ்ட் பிறந்ததும் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஏறிவிடும். அந்தப் பருவத்தில் மலைக்குப் போகும் எல்லா வார இறுதிகளுக்கும் அதுதான் சட்டம். அதில் நான்கு வரிகள்தான் இருக்கும். எப்போது போகக்கூடாது, எப்போது பாதியில் திரும்ப வேண்டும் என்பது மட்டுமே அவற்றில் உண்டு. முதுகுப்பையில் என்ன அடுக்குவது என்ற யோசனையெல்லாம் அதற்கு அப்புறம்.

கலிபோர்னியாவில் மே மாதம் கழிந்தால் மழை அநேகமாகக் கிடையாது. அடுத்த மழைக்கு அக்டோபர், நவம்பர் ஆகிவிடும். சியரா நெவாடா மலைத்தொடரில் உயரத்து ஏரிகளுக்குப் போகும் பாதைகளில் பனி உருகி வழி திறப்பதோ ஜூலையில். ஆக, நடப்பதற்கு வாய்க்கும் மாதங்களிலேயே காடும் காய்ந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை மலையேற்றத்துக்கு வனத்துறை தடை போட்டுவிடுகிறது. இங்கே அப்படி நாள் குறித்து அடைப்பதில்லை. நிலைமை முற்றினால்தான் அடைப்பார்கள். 2021 ஆகஸ்ட் 31 அன்று இந்த மாநிலத்தின் தேசியக் காடுகளை ஏறக்குறைய மொத்தமாக மூடினார்கள். திறக்க இரண்டு வாரம் ஆனது. மற்ற நாட்களில் போவதா வேண்டாமா என்ற பொறுப்பு நம் தலையில்தான்.

அந்தப் பொறுப்பைத் திங்கட்கிழமையே தாளில் இறக்கி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பெர்மிட்டுக்குப் பணம் கட்டியிருப்போம், லீவு சொல்லியிருப்போம், சப்பாத்தி கூடச் சுட்டு வைத்திருப்போம். அப்புறம் மனசு பேரம் பேச ஆரம்பித்துவிடும். எனக்கு இது 2020 செப்டம்பரில் புரிந்தது. தொழிலாளர் தின விடுமுறை. சியராவின் வடபகுதியில் ஒரு ஏரிக்கரையில் நாங்கள் நாலு பேர் தங்கியிருந்தோம். சனிக்கிழமை மாலை லேசாகப் புகை வாசனை வந்தது. பக்கத்தில் யாரோ விறகு மூட்டியிருக்கிறார்கள் என்று நானே முடிவுகட்டி, மற்ற மூவரையும் சமாதானம் சொல்லித் தூங்கவைத்தேன். விடிந்தபோது எதிர்க்கரை தெரியவில்லை. எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே சனிக்கிழமைதான் தெற்கே க்ரீக் தீ ஒரே பகலில் மலையேறி, மம்மத் பூல் நீர்த்தேக்கத்திலிருந்து வெளியே வரும் சாலையை அடைத்தது. முகாமிட்டிருந்தவர்கள் தண்ணீர் ஓரத்தில் ஒடுங்கி நின்றார்கள். தேசியக் காவல் படையின் ஹெலிகாப்டர்கள் இரவில் அந்தப் புகைக்குள் இறங்கி 200 பேருக்கு மேல் தூக்கி வந்தன. அவர்களும் என்னைப் போல விடுமுறைக்குக் கூடாரம் போடப் போனவர்கள்தான். என் பொய்ச் சமாதானம் வேறொரு ஏரியில் சொல்லப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல நாள் தூக்கம் வரவில்லை. அந்த மாதம்தான் தாள் எழுத ஆரம்பித்தேன்.

முதல் வரி: சிவப்புக்கொடி எச்சரிக்கை இருந்தால் போவதில்லை. பலத்த காற்று, வறண்ட காற்று, காய்ந்த காடு மூன்றும் சேரும் நாட்களில் தேசிய வானிலை சேவை கொடுக்கும் எச்சரிக்கை அது. இரண்டாவது: நாம் போகும் சாலையிலோ, காற்று வீசிவரும் பக்கத்தில் 20 மைலுக்குள்ளோ கட்டுக்குள் வராத தீ இருந்தால் போவதில்லை, போன பிறகு மூண்டால் திரும்பிவிடுவது. மூன்றாவது: காற்றுத் தரக் குறியீடு 150-ஐத் தாண்டினால் போவதில்லை. நான்காவது: மேலே சாம்பல் விழுந்தால், மணி எத்தனை ஆனாலும், கூடாரத்தை மடக்கி நடப்பது. எண்கள் என் கணக்கு. ஆஸ்துமா உள்ளவர் கூட வந்தால் 150 என்பதை 100 ஆக்கிவிடுவேன். எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். புறப்பட்ட பிறகு அதை மாற்றக்கூடாது.

அடுத்த வேலை இடம் தேடுவது. மற்ற மாதங்களில் அழகைப் பார்த்து ஏரியைத் தேர்ந்தெடுப்பேன். தீப் பருவத்தில் எரிவதற்கு அதிகம் இல்லாத ஏரி எது என்று பார்ப்பேன். போன செப்டம்பரில் நாங்கள் போனது டாஹோ ஏரிக்குத் தென்மேற்கே உள்ள டெசொலேஷன் வனப்பகுதி. அதன் நடுவில் அலோஹா ஏரி. 8,100 அடி உயரத்தில், வழித்துவிட்டாற்போல மொட்டைக் கருங்கல் பாறைகள், ஆழமில்லாத நீர், அங்கங்கே தனித்தனியாக நிற்கும் குட்டை மரங்கள். தீ வந்தாலும் அதற்குத் தின்னத் தீனி குறைவு. பாறையும் நீரும் சேர்ந்த இந்த மாதிரி இடம்தான் கடைசிப் புகலிடம்.

புகலிடம் மட்டும் போதாது, வெளியே வர இரண்டு வழியாவது வேண்டும். காட்டுத்தீயோடு போராடும் படையினருக்கு பால் க்ளீசன் என்ற தீயணைப்பு வீரர் 1991-இல் வகுத்துக் கொடுத்த பாடம் ஒன்று இருக்கிறது: கண்காணிப்பு, தகவல் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். இந்த நான்கும் இல்லாமல் தீ இருக்கும் பக்கம் கால் வைக்காதே என்பது அதன் சாரம். கூடாரம் போடப் போகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன். அலோஹாவுக்குத் தெற்கே எக்கோ ஏரிகளிலிருந்து ஏறக்குறைய 6 மைல் நடை. அதுதான் நாங்கள் உள்ளே போன வழி. வடக்கே ஹெதர் ஏரி, சூசி ஏரி வழியாக இறங்கினால் க்ளென் ஆல்பைனுக்கு வந்து டாஹோ பக்கம் வெளியேறலாம். இரண்டையும் காகித வரைபடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டேன். போன் சார்ஜ் தீரும், காகிதம் தீராது.

பெர்மிட் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரவு தங்குவதற்கு இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும், கோடையில் இத்தனை பேர்தான் என்று வரம்பு உண்டு, கரடி திறக்க முடியாத டப்பாவில்தான் உணவு வைக்க வேண்டும். விறகு மூட்டுவதற்கு அந்த வனப்பகுதியில் வருடம் முழுவதும் தடை. கேஸ் அடுப்பு பற்றவைக்கவே கலிபோர்னியாவில் தனியாக ஒரு பெர்மிட் வேண்டும். இலவசம்தான், ஒரு வீடியோ பார்த்துச் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கிடைத்துவிடும். அடுப்பில் திருகி அணைக்கும் வால்வு கட்டாயம்.

அந்த அடுப்பும் இல்லாமல் போகலாம் என்று நினைத்துத்தான் சாப்பாட்டைத் திட்டமிட வேண்டும். 2020 செப்டம்பரில் மாநிலத்தின் எல்லாத் தேசியக் காடுகளிலும் கேஸ் அடுப்பு உட்பட எந்த நெருப்புக்கும் ஒரே உத்தரவில் தடை வந்தது. அன்றிலிருந்து என் டப்பாவில் பாதி இடம் அவலுக்கு. கெட்டி அவலைக் குளிர்ந்த நீரில் இருபது நிமிடம் ஊறவைத்தால் போதும். காலைக்கு வெல்லத்தூளும் முந்திரியும். இரவுக்கு, வீட்டிலேயே தாளித்து ஆறவைத்த புளிக்காய்ச்சல் ஒரு சின்னப் பாட்டிலில். முதல் நாளுக்கு நல்லெண்ணெய் விட்டுச் சுட்ட சப்பாத்தியும் பூண்டுப் பொடியும். சமைக்காத சாப்பாட்டுக்கு இன்னொரு லாபம் உண்டு: கிளம்ப வேண்டுமென்றால் கழுவ வேண்டிய பாத்திரம் இருக்காது.

உடுப்பில் நான் கறார். மலையேற்றக் கடைகளில் விற்கும் மெல்லிய நைலான், பாலியெஸ்டர் சட்டைகள் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்தப் பருவத்தில் பையில் கட்டாயம் ஒரு முழுக்கைப் பருத்திச் சட்டை, ஒரு பருத்திப் பேன்ட், கம்பளி சாக்ஸ், தோல் கையுறை. குளிருக்குப் பருத்தி ஆகாது என்று எல்லோரும் சொல்வது சரிதான். அதனால் அது தினசரி உடுப்பு அல்ல, ஆபத்துக்கு. ஆளுக்கு இரண்டு என்95 முகக்கவசம். துணியில் தைத்த முகக்கவசம் புகையின் நுண்துகளைத் தடுக்காது. பிறகு சாட்டிலைட் மூலம் குறுஞ்செய்தி அனுப்பும் கருவி. அலோஹாவில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது.

கருவி இருந்தால் மட்டும் போதாது, மறுமுனையில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவேன்: வண்டி நிற்கும் இடம், இரண்டு வழிகள், கூடாரத்தின் நிறம், ஞாயிறு மாலை எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் எல் டொராடோ கவுன்ட்டி ஷெரிஃப் அலுவலகத்துக்கு போன் செய்வது. காலை எட்டு, மதியம் ஒன்று, மாலை ஆறு என மூன்று வேளை அவர் வாட்ச் டியூட்டி செயலியில் புதுத் தீ எதுவும் உண்டா என்று பார்த்து எனக்கு எழுதுவார். மலைமேல் இருக்கும் எனக்குத் தெரிவதைவிட, சோஃபாவில் இருக்கும் அவருக்குத்தான் என் நிலைமை அதிகம் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை இன்னொரு முறை நான்கு வரிகளையும் சரிபார்த்துவிட்டுக் கிளம்பினோம். கூட வந்தவன் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த தம்பி, போடிநாயக்கனூர்க்காரன். வழியில் 50-ஆம் நெடுஞ்சாலை மலையேறத் தொடங்கியதும் சரிவுகளில் கரிந்த மரங்கள் கம்பம் கம்பமாக நிற்பதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினான். 2021-இன் கால்டோர் தீ விட்டுப்போனவை அவை. 2,20,000 ஏக்கருக்கு மேல் எரித்து, மலைமுகட்டையே தாண்டியது. ஆகஸ்ட் 30 அன்று சவுத் லேக் டாஹோ நகரத்தை முழுக்கக் காலி செய்யச் சொன்னார்கள்.

"எங்க வீட்டு மொட்டைமாடியில இருந்து பார்த்தேன்க்கா" என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "மலையில கோடு போட்ட மாதிரி எரிஞ்சுச்சு. காலையிலதான் அதுல ஆளுங்க மாட்டியிருந்தாங்கன்னு தெரியும்."

2018 மார்ச் 11, குரங்கணி. கொழுக்குமலைப் பக்கம் மலையேறப் போனவர்களில் 23 பேரைத் தீ கொண்டுபோனது. அவன் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எக்கோ ஏரியில் வண்டியை நிறுத்தும்போது முகப்பு சாலையைப் பார்த்திருக்க வேண்டும். டாங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல். ஜன்னல்கள் முழுக்க ஏற்றி. சாவி ஒரே இடத்தில், இருவருக்கும் தெரிந்த பையில். புகைக்குள் பத்துப் பதினைந்து வண்டிகள் ஒரே நேரத்தில் பின்னால் எடுக்க முயன்றால் என்ன ஆகும் என்று ஒரு தடவை நினைத்துப் பார்த்தால் இதெல்லாம் தானாக வந்துவிடும்.

நடக்கும்போது தீ என்ன செய்யும் என்பதைத் தம்பிக்குச் சொல்லிக்கொண்டே போனேன். தீ மேட்டில் வேகமாக ஏறும். கீழே எரியும் சுவாலை மேலே உள்ள புல்லையும் புதரையும் முன்கூட்டியே காயவைத்து, சுடவைத்து, தயாராக வைத்துவிடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் இருமடங்கு என்று தீயணைப்பவர்கள் தோராயமாகச் சொல்வார்கள். அதனால் தீயைக் கண்டு உச்சியை நோக்கி ஓடக்கூடாது. இரண்டு மேட்டுக்கு நடுவே உள்ள குறுகிய பள்ளம் புகைபோக்கி மாதிரி வேலை செய்யும், அதற்குள் ஒதுங்கக்கூடாது. மலைமுகட்டில் இரண்டு சிகரத்துக்கு இடையே தாழ்ந்திருக்கும் கணவாயிலும் நிற்கக்கூடாது. ஏற்கெனவே எரிந்து முடிந்த கரிநிலம் இருந்தால் அதற்குள் போய்விடலாம். பாறைவெளி, ஏரி நல்லது. வேறு வழியே இல்லாமல் தீ மேலே கடந்துபோகும் நிலை வந்தால், புல் இல்லாத மண்ணில் குப்புறப் படுத்து, கால்கள் தீயின் பக்கம் இருக்க, உலர்ந்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். ஈரத்துணி வேண்டாம், அதில் எழும் நீராவி உள்ளே போய் மூச்சுக்குழாயைப் பொசுக்கும். பாதையில் ஒவ்வொரு அரைமணி நேரத்துக்கும் ஒரு இடத்தைக் கைகாட்டி, "இப்ப தீ வந்தா எங்க போவ?" என்று கேட்டேன். முதலில் தயங்கினான். டமராக் ஏரியைத் தாண்டியபோது நான் கேட்காமலே சொல்ல ஆரம்பித்தான்.

கூடாரத்தை நீரிலிருந்து 100 அடிக்கு மேல் தள்ளி, விரிந்த பாறை மேல் போட்டோம். பாறையில் ஆணி இறங்காது. கயிற்றைக் கல்லில் சுற்றிக் கட்ட வேண்டும். பைன் ஊசிகள் குவிந்த மெத்தை போன்ற இடம் பக்கத்திலேயே இருந்தது. தூங்க சுகம், ஆனால் ஒரு பொறிக்குக் காத்திருக்கும் இடம் அது. அன்று அடுப்புக்குத் தடை இல்லை. மொட்டைப் பாறை நடுவில் வைத்து, சுற்றிலும் இருந்த ஊசிகளைக் கையால் கூட்டி அகற்றி, பக்கத்தில் ஒரு பாத்திரம் நிறையத் தண்ணீர் வைத்துக்கொண்டு, டீ மட்டும் போட்டேன். படுக்கும் முன் காலணி, தலைவிளக்கு, பருத்தி உடுப்பு, முகக்கவசம் நான்கையும் கூடாரத்தின் வாசலிலேயே வரிசையாக வைத்தோம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிச் செய்தி: தென்மேற்கே 28 மைலில் நேற்று இரவு புதுத் தீ, சிறியது. காற்றுத் தரம் 90. நான்கு வரியில் எதுவும் தொடப்படவில்லை. ஏரிமேல் பழுப்பு நிறத்தில் மெல்லிய புகை படிந்திருந்தது. எதிரே பிரமிட் சிகரம் லேசாக மங்கலாகத் தெரிந்தது. இருந்து பார்ப்போம் என்றேன்.

பதினொரு மணிக்குப் பிறகு வானம் பளிச்சென்று தெளிந்தது. சிகரத்தின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. "புகை போயிருச்சுக்கா, தீ அணைஞ்சிருக்கும்" என்று தம்பி நீந்தப் போனான். எனக்கு அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கி, அதன் மேல் சூடான காற்று மூடிபோல உட்கார்ந்திருக்கும். அந்த மூடி புகையை அமுக்கி வைக்கும். தீயையும் அமுக்கி வைக்கும், அதற்கு மூச்சு முட்டும். வெயிலேறியதும் மூடி விலகும். நம் கண்ணுக்கு வானம் தெளியும். தீக்கு மூச்சு வரும். தீ பெரும்பாலும் பெரிதாவது மதியத்துக்கும் மாலைக்கும் நடுவில்தான். நல்ல வானத்தைப் பார்த்து நிம்மதி அடையும் நேரமும் அதுதான்.

ஒரு மணிச் செய்தி: தீ வேகமாகப் பெரிதாகிறது. தூரம் இன்னும் 20 மைலுக்கு மேல்தான். பொருட்களைப் பையில் திணித்து, கூடாரத்தை மட்டும் விட்டுவைத்தோம். இரண்டரை மணிக்குத் தென்மேற்கே முகட்டுக்கு மேல் ஒரு மேகம் எழுந்தது. மேலே காலிஃபிளவர் மாதிரி வெள்ளைவெளேரென்று திரண்டு, அடியில் அழுக்குப் பழுப்பு. தீ தன் சூட்டால் தானே கட்டும் மேகம் அது. க்ரீக் தீயின் மேகம் ஏறக்குறைய 50,000 அடிக்கு எழுந்தது.

மூன்றரைக்கு முன்பாக, ஊறவைத்த அவலின் எவர்சில்வர் மூடி மேல் ஒன்று வந்து விழுந்தது. பைன் ஊசி. முழு நீளத்துக்கு, வளைவு கூடக் கலையாமல், நிறம் மட்டும் சாம்பல். தம்பி விரலால் தொட்டான். தொட்ட இடத்தில் பொடி; மீதி அப்படியே கிடந்தது. 28 மைலுக்கு அப்பால் ஏதோ ஒரு மரத்தில் காலையில் பச்சையாக இருந்திருக்கும்.

அவன் என்னைப் பார்த்தான். "நாலாவது வரிக்கா."

கூடாரத்தை மடக்கப் பதினோரு நிமிடம் ஆனது. நடப்பதற்கு முன் ஒரு கேள்வியை வீட்டுக்கு அனுப்பினேன்: 50-ஆம் நெடுஞ்சாலை திறந்திருக்கிறதா, எக்கோ பகுதிக்கு வெளியேற்ற உத்தரவு உண்டா? சாலை அடைத்திருந்தால் வண்டியை விட்டுவிட்டு வடக்கே க்ளென் ஆல்பைனுக்கு இறங்குவது என்று முன்பே பேசியிருந்தோம். நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: திறந்திருக்கிறது, உத்தரவு எதுவும் இல்லை. தெற்கே நடந்தோம். வழியில் மூன்று கூடாரங்களில் தகவல் சொன்னோம். ஒரு குடும்பம் உடனே எழுந்தது. இரண்டு இளைஞர்கள் நன்றி சொல்லிவிட்டு அங்கேயே இருந்தார்கள். அவர்களிடம் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் உறுத்துகிறது.

வண்டியை அடையும்போது வெளிச்சம் செம்மண் நிறமாக இருந்தது, ஆனால் சாலை தெளிவாக இருந்தது. இரவு பதினொன்றரைக்கு வீடு. தீ எங்கள் பக்கம் வரவேயில்லை. அந்த வாரக் கடைசிக்குள் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் கூடாரத்தை விரித்து உதறினேன். தையல் ஓரங்களில் சாம்பல் தங்கியிருந்தது. ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, கரடி டப்பாவில் மீந்த அவலைச் சமையலறை டின்னில் திரும்பக் கொட்டி, பேட்டரிகளைச் சார்ஜில் போட்டேன். பிறகு ஃபிரிட்ஜ் கதவிலிருந்த தாளை எடுத்து ஐந்தாவதாக ஒரு வரி எழுதினேன்: மதியம் வானம் தெளிந்தால், பையைக் கட்டிவிட்டுத் தென்மேற்கைப் பார்.